மேடைக்கு முன்னால் ஒரு மேசை

வாசகர் கேள்வி-பதில்: நாடகப் பகுதி

மலேசியாவில் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்து ஆறாம் படிவ மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து ‘மனோன்மணீயம்’ போடப்போகிறார்கள். அறிவிப்புப் பலகையில் ‘உஜிபகாட்’ (மலாயில் நடிகர் தேர்வு) என்று ஒரு தாள் ஏறியதுமே நமக்குக் கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. மாணவர், பெற்றோர், பொறுப்பாசிரியர் எல்லாரும் கேட்டிருப்பதால் இந்த இதழ்ப் பகுதி முழுவதும் நடிகர் தேர்வுக்கே.

நாடகத்தைப் படிக்காதவர்களுக்கு இரண்டு வரி. பெ. சுந்தரம் பிள்ளை எழுதி 1891இல் வந்த செய்யுள் நாடகம். லிட்டன் பிரபுவின் ‘இரகசிய வழி’ என்ற ஆங்கிலக் கதைப்பாடலைத் தழுவியது. பாண்டியன் சீவகன், அவனை ஏய்க்கும் அமைச்சன் குடிலன், மகள் மனோன்மணி, அவள் கனவில் கண்ட சேரன் புருடோத்தமன், அவளுடைய தோழி வாணி, வாணியின் காதலன் நடராசன், கோட்டைக்கு அடியில் சுந்தர முனிவர் அமைக்கும் சுரங்க வழி. 5 அங்கம், 20 களம். படிப்பதற்கென்று எழுதியது என்பதால் மேடைக்குக் கொண்டுவருபவர்களுக்கு வேலை அதிகம்.

கே: இரண்டு நிமிடத்துக்கு ஒரு பகுதியை மனப்பாடம் செய்து வரச் சொல்லியிருக்கிறார்கள். குடிலன் தனியாகப் பேசுவதில் ஒன்றை எடுக்கலாமென்று இருக்கிறேன். நாற்பது அடி போதுமா சார்?
— ஆறாம் படிவ மாணவர், சுங்கை சிப்புட்

ப: நாற்பது அதிகம், தம்பி. இந்த நாடகம் பெரும்பாலும் ஆசிரியப்பாவில் நடக்கிறது; அடிக்கு நான்கு சீர். கேட்பவருக்குப் பொருள் போய்ச் சேரும்படி சொன்னால் ஓர் அடிக்கு 3 முதல் 4 விநாடி பிடிக்கும். நாற்பது அடி சொல்லி முடிக்க 2 நிமிடம் 20 விநாடி ஆகிவிடும். மேசைக்குப் பின்னால் இருப்பவர் நேரம் முடிந்தது என்று கையைத் தூக்குவார். உங்களுக்கோ ஆளைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று தோன்றும். அந்த மனக்கசப்போடு அடுத்த வாசிப்புக்குப் போவீர்கள். 24 முதல் 26 அடி எடுங்கள். ஒன்றரை நிமிடம் பேச்சுக்கு, மிச்சம் மூச்சுக்கும் மௌனத்துக்கும். வீட்டில் கைப்பேசியில் நேரம் பார்க்கும்போது 1 நிமிடம் 40 விநாடிக்குள் முடிந்தால் சரி. தேர்வு நாளில் படபடப்பில் வேகம் கூடும் என்று நினைத்து இன்னும் பத்து அடியைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள். வேகம் கூடுவதைத்தான் முதலில் தடுக்கவேண்டும்.

குடிலனைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. ஆண்பிள்ளைகளில் பாதிப்பேர் அவனைத்தான் கொண்டுவருவார்கள். ஒருவர் விடாமல் புருவத்தை நெளிப்பார்கள், மூக்கால் சிரிப்பார்கள். யோசித்துப் பாருங்கள்: குடிலனின் முகத்திலேயே சூது தெரிந்தால் அவனை நம்பி மதுரையை விட்டு நெல்லைக்குத் தலைநகரை மாற்றிய சீவகன் முட்டாளாகிவிடுவான். குடிலன் நல்ல ஊழியனாகத் தெரிவதால்தான் நாடகமே நகர்கிறது. தனியே பேசும்போதும் அவன் வில்லத்தனத்தைக் காட்டிக்கொண்டிருக்கவில்லை, கணக்குப் போடுகிறான். கடைக்காரர் மாதக் கடைசியில் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பாரே, அந்த அமைதி. அப்படிச் செய்ய முடியுமானால் குடிலனையே எடுங்கள், தனியாகத் தெரிவீர்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. நடராசன் வயல்வெளியில் நாங்கூழ்ப் புழுவைப் பார்த்துப் பேசும் பகுதி. மண்ணுக்குள் ஓயாமல் உழைக்கும் மண்புழுவை அவன் வியந்து பேசுகிறான். தோட்டப்புறத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த வியப்பை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் இதில் ஒரு பொறி உண்டு: புழு தரையில் இருக்கிறது என்று காலடியையே பார்த்துப் பேசினால் மேசையில் இருப்பவர்களுக்கு உங்கள் உச்சந்தலை மட்டும்தான் தெரியும். புழுவை உங்களுக்கு முன்னால் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். தலை சற்றே சாயும், முகம் தெரியும், தொண்டையும் மடங்காது. குந்தி உட்காரவும் வேண்டாம், வயிறு அமுங்கினால் மூச்சு பாதியாகிவிடும்.

சீவகன் போர்க்களத்தில் படைவீரர்களிடம் பேசுவதும் நல்ல பகுதிதான். ஆனால் முதல் அடியிலேயே கத்தத் தொடங்குபவருக்குப் பத்தாவது அடியில் ஏறுவதற்குப் படி இருக்காது.

கே: அடிகள் மனப்பாடம் ஆகிவிட்டன. ஆனால் சொன்னால் கவிதை ஒப்புவித்தல் போட்டி மாதிரி இருக்கிறது என்று அக்கா சிரிக்கிறாள். நான் தமிழ்ப்பள்ளியில் படித்தபோது அந்தப் போட்டியில் பரிசு வாங்கியவள். எங்கே தவறு?
— மாணவி, லிந்தாங்

ப: பரிசு வாங்கியதில்தான் தவறு, தங்கச்சி! கேலி இல்லை. ஒப்புவித்தல் போட்டியில் நடுவர் எதிர்பார்ப்பது தெளிவான உச்சரிப்பு, ஒவ்வோர் அடிக்கும் ஏற்ற இறக்கம், ‘கடல்’ என்றால் கையை அலை அலையாக ஆட்டுவது. மேடையில் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் பேசும்போது கடல் என்ற சொல்லுக்கெல்லாம் கையை ஆட்டமாட்டாள். பழகிப்போன அந்த இராகத்தைக் கழற்ற வேண்டும். அதற்கு முதல் வேலை நாக்கில் இல்லை, பென்சிலில் இருக்கிறது.

எல்லாருக்கும் தெரிந்த ஓர் அடியை எடுத்துக்கொள்வோம். இந்த நாடகத்தின் பாயிரத்தில் வரும் வாழ்த்துதான் தமிழ்நாட்டு அரசு 1970இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றுக்கொண்ட பாடல். புத்தகத்தில் இப்படி இருக்கும்:

நீராருங் கடலுடுத்த நிலமடந்தைக் கெழிலொழுகும்
சீராரும் வதனமெனத் திகழ்பரதக் கண்டமிதில்

இது சீர் பிரித்து அச்சிட்டது. யாப்புக்காக ‘நிலமடந்தைக்’ என்று நிறுத்தி ‘கெழிலொழுகும்’ என்று தொடங்குகிறது. ‘கெழில்’ என்று ஒரு சொல் தமிழில் கிடையாது. அப்படியே மனப்பாடம் செய்தவர் அப்படியேதான் சொல்வார். கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. சொல் பிரித்து ஒரு தாளில் உங்கள் கையாலேயே எழுதுங்கள்: நீர் ஆரும் கடல் உடுத்த நிலமடந்தைக்கு, எழில் ஒழுகும் சீர் ஆரும் வதனம் எனத் திகழ் பரத கண்டம் இதில். இப்போது பாருங்கள், எழில் எதில் ஒழுகுகிறது? வதனத்தில். அந்த வதனமோ அடுத்த அடியில் இருக்கிறது. முதல் அடியின் கடைசியில் நிறுத்தினால் எழில் வழியிலேயே ஒழுகிப் போய்விடும். பாட்டாகப் பாடும்போது மெட்டு அங்கே நிற்பதால் நமக்கெல்லாம் அது பழக்கம். பேச்சில் சிறு நிறுத்தம் ‘நிலமடந்தைக்கு’ என்பதற்குப் பின்னால் வரவேண்டும். பிறகு ‘எழில்’ முதல் ‘வதனம் என’ வரை ஒரே மூச்சு.

உங்கள் பகுதி முழுவதையும் இப்படிச் செய்யுங்கள். சொல் பிரித்து எழுதியபின் எழுவாயையும் பயனிலையையும் தேடி அடிக்கோடு போடுங்கள். செய்யுளில் வினை நாலு அடி தள்ளியிருக்கும். அது வரும்வரை குரல் கீழே இறங்கக்கூடாது. கருத்து முடியும் இடத்தில் இரண்டு கோடு, கருத்து திரும்பும் இடத்தில் ஒரு கோடு, மூச்சுக்கு ஒரு சிறு வட்டம். வட்டம் இரண்டு கோட்டின் மேல் விழுவதே நல்லது. 26 அடியில் ஏழெட்டு வட்டத்துக்கு மேல் வந்தால் மூச்சை மேல்நெஞ்சில் எடுக்கிறீர்கள் என்று பொருள். படுத்துக்கொண்டு வயிற்றின் மேல் ஒரு புத்தகத்தை வைத்து, அது ஏறி இறங்கும்படி மூச்சுவிட்டுப் பழகுங்கள்.

அடுத்தது முக்கியம். செய்யுளை மூடிவைத்துவிட்டு, அதே பேச்சை உங்கள் வீட்டுத் தமிழில் அக்காவிடம் சொல்லுங்கள். “ஏய், நேத்து ராத்திரி ஒரு கனவுடி, யார்கிட்டயும் சொல்லிறாத...” என்று மனோன்மணி வாணியிடம் சொல்வதாக. எங்கே குரல் தாழ்கிறது, எங்கே வேகம் எடுக்கிறது, எந்தச் சொல்லில் அக்காவின் முகத்தைப் பார்க்கிறீர்கள் என்று கவனியுங்கள். உடனே செய்யுளுக்குத் திரும்பி அதே இடங்களில் அதையே செய்யுங்கள். இப்படி மாறி மாறி ஐந்தாறு முறை. ஆசிரியப்பாவுக்கு அகவல் என்ற பெயர் உண்டு. அகவுதல் என்றால் அழைத்தல். பாக்களில் பேச்சுக்கு மிக அருகில் இருப்பது அதுதான். நாம்தான் அதற்குப் போட்டி மெட்டைப் போட்டுக் கெடுத்துவைத்திருக்கிறோம்.

எதுகை மோனை என்ன ஆகும் என்று கவலைப்படாதீர்கள். அவை தாமாகக் கேட்கும். அழுத்திக் காட்டினால்தான் விளம்பரம் மாதிரி ஆகிவிடும்.

கே: வேட்டி, சேலை, கிரீடம் எல்லாம் கட்டிக்கொண்டு போகலாமா?

ப: வேண்டாம். கட்டிப் பழக்கமில்லாத வேட்டி நழுவுமோ என்று ஒரு கை எப்போதும் இடுப்பிலேயே இருக்கும். ஒரே நிறச் சட்டை, முழங்கால் மடங்கும் காற்சட்டை அல்லது சுடிதார், தரையில் வழுக்காத காலணி. முடி நெற்றியில் விழாமல் கட்டுங்கள். சேலை கட்டி நடக்கத் தெரியும் என்றால் பெயர்த்தாளில் ஒரு வரி எழுதுங்கள்.

கே: எங்கள் தோட்டத்தில் எல்லாரும் ‘பளம்’ என்றுதான் சொல்வோம். எனக்கு ழகரம் வராது. இதற்காகவே தள்ளிவிடுவார்களா?
— மாணவர், பழைய தோட்டக் குடியிருப்பு

ப: இதற்காக மட்டும் யாரும் தள்ளமாட்டார்கள். தேர்வுக்கும் மேடையேற்றத்துக்கும் நடுவே மாதக்கணக்கில் நாள் இருக்கிறது. ழகரம் மூன்று வாரத்தில் வரும். ஆனால் இந்த நாடகமே ஒரு வழியைப் பற்றியது. அது ‘வலி’ ஆனால் கோட்டைக்கு அடியில் யாருக்கோ வயிற்றுவலி என்றாகும். ‘வளி’ ஆனால் காற்று.

மூன்றுக்கும் நாக்கு எங்கே போகிறது என்று தெரிந்தால் பாதி முடிந்தது. லகரத்தில் நுனி மேற்பல்லின் பின்பக்கம் ஒட்டும். ளகரத்தில் நுனி பின்னால் மடிந்து மேலண்ணத்தைத் தொடும். ழகரத்தில் அதே போல மடியும், ஆனால் தொடாது. இடைவெளியில் ஒலி வழுக்கிக்கொண்டு வெளியே வரவேண்டும். பலருக்கு வராததன் காரணம் இதுதான்: கடைசி நொடியில் நாக்கு அண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது, அது ளகரம் ஆகிவிடுகிறது. முதலில் உயிரெழுத்தே இல்லாமல் ‘ழ்ழ்ழ்’ என்று ஐந்து விநாடி நீட்டுங்கள். நீட்ட முடிகிறது, நாக்கு எதையும் தொடவில்லை என்றால் சரி. பிறகு ‘ஆழ்’, ‘வாழ்’, ‘எழில்’, ‘வழி’, ‘வாழ்க’ என்று போங்கள். ஒரு நாளைக்கு 5 நிமிடம் மூன்று வேளை, ஒரே மூச்சில் அரைமணி நேரம் வேண்டாம். நாக்கு களைத்தால் பழைய இடத்துக்கே போகும். பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசும் பயிற்சி இதற்கு உதவாது, நாக்கு மடிய இடமில்லாமல் போய்விடும்.

மனம் மணம், அலை அழை, கொல் கொள் ஆகியவற்றையும் ஜோடி ஜோடியாகச் சொல்லிப் பாருங்கள். இதோடு இன்னொன்று. நமக்கு வாக்கியத்தின் கடைசி எழுத்தை விழுங்கும் பழக்கம் உண்டு. மலேசியப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் ‘லா’ வந்து அந்த இடத்தை நிரப்பிவிடும். செய்யுளில் நிரப்ப ஆளில்லை. வினைமுற்று கடைசியில்தான் வருகிறது என்பதால் அதை விழுங்கினால் வாக்கியமே போச்சு.

சினிமாவில் வரும் மதுரைப் பேச்சைப் போட்டுக் காட்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பாண்டிய நாட்டுக் கதைதான், ஆனால் சீவகன் பேசுவது செந்தமிழ்.

கே: எங்கள் காலத்தில் தோட்டத் திருவிழாவில் விடிய விடியக் காமன் கூத்து நடக்கும். ஒலிபெருக்கி இல்லாமலேயே கடைசி லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை) வரைக்கும் குரல் கேட்கும். இந்தப் பிள்ளைகளுக்கு அந்தக் குரல் எங்கே இருக்கிறது?
— ஓய்வு பெற்ற தண்டல் (தோட்டத்து மேற்பார்வையாளர்)

ப: குரல் இருக்கிறது ஐயா, வாய் திறப்பதுதான் இல்லை. கூத்துக் கலைஞர் நெடிலை நன்றாகத் திறந்து சொல்வார், தாடை இறங்கும், ஒலி முன்னால் போகும். அதை இந்தப் பிள்ளைகள் உங்களைப் போன்றவர்களிடம் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். ஓர் ஆள் திடலின் இந்தப் பக்கம், இன்னோர் ஆள் அந்தப் பக்கம் நின்று, கத்தாமல், ஒருவருக்கொருவர் அடிகளைச் சொல்லிக்கொள்ளட்டும்.

அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாததும் ஒன்று உண்டு. கூத்தில் பாத்திரம் சபையைப் பார்த்தே பேசும், ‘நான் இன்னார் வந்திருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே வரும். மனோன்மணீயத்தில் பெரும்பாலும் ஒருவர் இன்னொருவரிடம் பேசி அவர் மனத்தை மாற்றப் பார்க்கிறார். குரல் சபை வரைக்கும் போகவேண்டும், கண் எதிரே நிற்பவரை விட்டு நகரக்கூடாது. இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் கடினம்.

கே: போன தடவை வேறொரு நாடகத்துக்குப் போனேன். செய்து முடித்ததும் “இதையே ரகசியம் சொல்வது போலச் சொல்லு” என்றார்கள். நான் தப்பாகச் செய்துவிட்டேன் என்று நினைத்து அழுதுவிட்டேன்.

ப: மேசையில் இருப்பவர்கள் பிடிக்காத ஆளிடம் இரண்டாவது முறை கேட்டு நேரத்தைச் செலவழிக்கமாட்டார்கள். அவர்கள் பார்ப்பது நீங்கள் மாறுகிறீர்களா என்று. வீட்டில் நூறு முறை செய்து இறுகிப்போன ஒன்றையே கொண்டுவருபவர் ஒத்திகையிலும் அதையேதான் செய்வார். இயக்குநர் ஒன்றும் செய்ய முடியாது. முதல் முறை சுமாராகச் செய்து, சொன்னதும் வேறொன்றாக மாற்றிக் காட்டியவருக்கு வேடம் கிடைப்பது அடிக்கடி நடக்கும்.

மாற்றச் சொன்னதும் பெரும்பாலோர் குரலை மாற்றுகிறார்கள். ரகசியம் என்றால் உடனே காற்றுக் குரல். அதனால் கேட்காமல் போகிறது, பொருளும் மாறுவதில்லை. குரலை விட்டுவிட்டு, கேட்கும் ஆளை மாற்றுங்கள். வாணி பக்கத்தில் இருக்கிறாள், அடுத்த அறையில் செவிலி விழித்திருக்கிறாள் என்று வைத்துக்கொண்டால் ரகசியம் தானாக வரும், மெய்யெழுத்துகள் கூர்மையாகும். ‘கோபமாகச் சொல்லு’ என்றால் எதிரே நிற்பவர் என்ன செய்துவிட்டார் என்று முடிவு செய்யுங்கள். யோசிக்க 10 விநாடி கேட்டு வாங்கிக்கொள்ளலாம், தவறில்லை. வீட்டில் பழகும்போதே உங்கள் பகுதியை மூன்று ஆட்களிடம் சொல்லிப் பழகுங்கள்: உங்களை நம்புபவர், நம்பாதவர், அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருப்பவர்.

கே: நான் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட்டு, வீட்டுக்காரர் செம்பனைத் தோட்டத்தில். மகள் நாடகத்துக்குப் போகிறேன் என்கிறாள். எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவ முடிவுத் தேர்வு) படிப்பு இருக்கிறது. இதற்கு எவ்வளவு நேரம் போகும், இருட்டியபின் யார் கொண்டுவந்து விடுவது என்பதுதான் எங்கள் கவலை.
— ஒரு தாய்

ப: நியாயமான கவலை அம்மா. ஒன்றரை மணி நேர நாடகத்துக்கு மாணவர் குழுவுக்குக் குறைந்தது 50 மணி நேர ஒத்திகை வேண்டும். வாரம் 2 நாள், நாளுக்கு இரண்டரை மணி என்றால் 10 வாரம். கடைசி வாரம் மட்டும் ஒளி, ஒலி, உடைக்காக மூன்று நான்கு நாள் கூடும். சீவகன், குடிலன், மனோன்மணி, வாணி என்றால் ஏறக்குறைய எல்லா நாளும் இருக்கவேண்டும். செவிலி, வாணியின் தந்தை சகடன், புருடோத்தமன் போன்றவர்கள் தங்கள் களம் நடக்கும் நாளில் வந்தால் போதும். நேரம் பாதிக்கும் குறைவு.

பெயர் கொடுக்கும் முன்பே மகள் மூன்றைக் கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும்: ஒத்திகை நாட்கள் தேதியோடு, முடியும் நேரம், பொறுப்பாசிரியர் யார். பருவத் தேர்வு நடக்கும் வாரங்களைத் தாளிலேயே குறித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வர வண்டி இல்லையென்றால் அதையும் முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது. வேடம் கிடைத்தபின் ‘ஆறு மணிக்கு மேல் இருக்க முடியாது’ என்பதுதான் சங்கடம். மோட்டாரில் தம்பியோ சித்தப்பாவோ வந்து ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகளையும் தனியாகப் போகும் பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் அனுப்பும்படி ஆசிரியரிடம் கேளுங்கள்; நல்ல குழு மறுக்காது.

கே: 32 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அதில் 21 பெண்கள். பெயருள்ள வேடம் பத்துப் பதினொன்றுதான், அதில் பெண் வேடம் மூன்று. ஒரே சனிக்கிழமையில், தகரக் கூரை போட்ட பொதுமண்டபத்தில் நடத்தவேண்டும். எப்படி ஒழுங்கு செய்வது?
— பொறுப்பாசிரியர்

ப: தேர்வுக்கு முன்னால் நாடகத்தை வெட்டுங்கள். இந்நூல் ஏறத்தாழ 4,500 அடி. அடிக்கு மூன்றரை விநாடி என்று வைத்தாலே பேச்சு மட்டும் நாலே கால் மணிக்கு மேல். ஒன்றரை மணி நாடகத்தில் வருவது போவது, இசை, போர் எல்லாம் போக 1,200 அடிக்கு மேல் நிற்காது. அதை முடிவு செய்யாமல் தேர்வு வைத்தால் மேடைக்கே வராத பேச்சுக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பீர்கள். ‘சிவகாமி சரிதம்’ தனிக்கதை, முதலில் அதை எடுத்துவிடலாம். முனிவர் அரண்மனையில் ஓர் அறையைக் கேட்டு வாங்கும் இடத்தில் மட்டும் கைவைக்காதீர்கள். அதை வெட்டினால் கடைசியில் சுரங்கம் வானத்திலிருந்து குதித்தது போல இருக்கும்.

நேரம். ஒருவருக்கு 2 நிமிடப் பகுதி, ஒன்றரை நிமிடம் மாற்றிச் செய்யச் சொல்ல, மிச்சம் உள்ளே வர, வெளியே போக, குறிப்பெழுத. ஆளுக்கு 5 நிமிடம் என்றால் 32 பேருக்கு 160 நிமிடம். பசியாறிவிட்டு காலை 8.30க்குத் தொடங்கி, பதினாறு பேர் முடிந்ததும் 15 நிமிடம் இடைவேளை விட்டால் 11.25க்கு முடியும். பிறகு ஜோடி வாசிப்பு: சீவகன்–குடிலன், மனோன்மணி–வாணி, வாணி–சகடன். ஒரு ஜோடிக்கு 4 நிமிடம், இருபது ஜோடி. ஒரு மணிக்குள் எல்லாம் முடியவேண்டும். பேராக்கில் பிற்பகல் மழை யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. தகரத்தில் அது விழத் தொடங்கினால் சீவகனும் ஒன்று, காவலனும் ஒன்று. காற்றாடியையும் தேர்வு நேரத்தில் நிறுத்திவிடுங்கள். வெறும் மண்டபத்தில் எதிரொலி கூடுதலாக இருக்கும். மேசைக்குப் பின்னால் இரண்டு வரிசை நாற்காலியைப் போட்டு, காத்திருப்பவர்களின் பைகளை அதன்மேல் வைத்தாலே கொஞ்சம் அடங்கும்.

காத்திருப்பவர்களை உள்ளே உட்காரவைக்க வேண்டாம். மூன்றாவது ஆள் எங்காவது சிரிப்பை வாங்கினால் நான்காவது ஆளிலிருந்து எல்லாரும் அந்தச் சிரிப்பைத் தேடுவார்கள்.

மதிப்பெண் போட்டுக் கூட்டி வகுக்கும் முறை எங்களுக்கு உடன்பாடில்லை. 72 வாங்கியவரும் 71 வாங்கியவரும் எதில் வேறுபட்டார்கள் என்று மாலையில் யாருக்கும் நினைவிருக்காது. தாளில் நான்கு கட்டம் போதும்: பொருள் புரிந்து சொன்னாரா, கடைசி நாற்காலிக்குக் கேட்டதா, மாற்றச் சொன்னபோது மாறினாரா, எதிரே உள்ளவர் பேசும்போது கேட்டாரா. ஒவ்வொன்றிலும் எண் இல்லாமல் ஒரு வரி. ‘குரல் நல்லது, அடியின் முடிவில் விழுகிறது’ என்று எழுதியது மூன்று வாரம் கழித்தும் பயன்படும். நான்காவது கட்டம்தான் எங்கள் கணக்கில் பெரியது. மேடையில் ஒருவர் பேசும் நேரத்தைவிடக் கேட்டுக்கொண்டு நிற்கும் நேரம்தான் அதிகம். தன் முறை எப்போது வரும் என்று வாயசைத்துக்கொண்டு நிற்பவர் எதிரே இருப்பவரின் பேச்சையும் சேர்த்துக் கொன்றுவிடுவார்.

சின்ன ஊரில் மேசைக்குப் பின்னால் இருப்பவர் யாருக்காவது மாமாவாகத்தான் இருப்பார். உறவுக்காரப் பிள்ளை வரும்போது அவர் தாளை மூடிவைக்கட்டும், மற்ற இருவர் எழுதட்டும். மூவரில் ஒருவரை ஈப்போவிலிருந்தோ கோலகங்சாரிலிருந்தோ கூப்பிட முடிந்தால் நல்லது.

பெண்கள் அதிகம் என்பது குறை இல்லை. சுந்தர முனிவர், நடராசன், நாராயணன் ஆகிய மூவரையும் பெண்களுக்குத் திறந்துவிடலாம். குறிப்பாக நாராயணன். உண்மையைக் குத்தலாகச் சொல்லும் அந்த நண்பனுக்குத் தோள் அகலம் தேவையில்லை, சொல்லில் கூர்மை இருந்தால் போதும். படைவீரர், நகரமக்கள் என்று பத்துப் பேர் கொண்ட கூட்டம் ஒன்றையும் வையுங்கள்; அதில் இருவரை முக்கிய வேடங்களுக்கு மாற்று ஆளாகத் தயார் செய்யுங்கள். காய்ச்சல் எப்போதும் கடைசி வாரத்தில்தான் வரும்.

முடிவை வாட்ஸ்அப் குழுவில் இரவு பதினொரு மணிக்குப் போடாதீர்கள். திங்கட்கிழமை பள்ளி முடிந்து, தாளில். வேடம் கிடைக்காதவர் கேட்டால் அந்த நான்கு வரியைப் படித்துக் காட்டுங்கள்.

கே: நடுவில் மறந்துவிட்டால்?

ப: ‘ஐயோ’, ‘சோரி’ சொல்லாமல் நில்லுங்கள். ஒரு மூச்சு. கடைசியாகச் சொன்ன கருத்து என்ன, அடுத்து அவன் என்ன கேட்க நினைப்பான் என்று தேடுங்கள், சொல்லைத் தேடாதீர்கள். 5 விநாடி உங்களுக்கு யுகமாக இருக்கும், மேசைக்கு அது வெறும் மௌனம். வரவில்லையென்றால் ‘கருத்து தொடங்கும் இடத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன்’ என்று சொல்லிவிட்டு அங்கிருந்து போங்கள். முதல் அடிக்குத் திரும்பக் கூடாது. அதே இடத்தில் மறுபடியும் மறக்கும். மறதி பெரும்பாலும் வருவது அடிகளை வரிசையாக மட்டும் பாடம் செய்தவர்களுக்கு. நடுவிலிருந்து தொடங்கிச் சொல்லிப் பழகுங்கள், மங்கு பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்லுங்கள், படியேறிக்கொண்டே சொல்லுங்கள்.

கே: என் தோழி சீனப் பிள்ளை. ஆரம்பப்பள்ளி முழுவதும் தமிழ்ப்பள்ளியில் படித்தவள், தமிழ் நன்றாகப் படிப்பாள். ரூமி எழுத்தில் (ஆங்கில எழுத்துகளில்) எழுதிக் கொடுத்தால் சுலபமாக இருக்குமா?

ப: தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கு ரூமி எதற்கு? அதில் ல, ள, ழ மூன்றும் பெரும்பாலும் ஒரே எழுத்தாகிவிடும். ன, ண, ந மூன்றும் அப்படியே. தெரிந்ததையும் அது கெடுக்கும். சொல் பிரித்த தமிழ்த் தாளையே கொடுங்கள், எழுத்து கொஞ்சம் பெரியதாக.

கே: தாளைக் கையில் கொடுத்து அப்போதே வாசிக்கச் சொல்வார்களாமே. எனக்கு அதுதான் பயம்.
— மாணவி, சாலாக்

ப: வாசிப்பில் தடுமாறுவதை யாரும் எண்ணிக்கொண்டிருக்கமாட்டார்கள். கொடுத்ததும் ஐந்து நிமிடம் இருக்கும். முதல் நிமிடத்தில் வாய்விட்டுப் படிக்காமல் கண்ணால் ஓட்டி, யார் யாரிடம் எதைக் கேட்கிறார் என்று மட்டும் பாருங்கள். புரியாத சொல்லோ பெயரோ இருந்தால் அப்போதே கேளுங்கள். ‘புருடோத்தமன்’ என்ற பெயரை முன்பின் சொல்லிப் பார்க்காதவர் எல்லாருமே அங்கே தடுக்கி விழுவார்கள். பென்சில் வைத்திருந்தால் கூட்டுச் சொற்களின் நடுவே கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

வாசிக்கும்போது தாள் மார்பு உயரத்தில், ஒரு கையில். இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே பிடித்தால் தாள்தான் நடிக்கும், அதுவும் நடுங்கி நடிக்கும். அட்டை வைத்துப் பிடித்தால் நடுக்கம் தெரியாது. இடது கைக் கட்டைவிரல் வரியோடு இறங்கிக்கொண்டே வரட்டும். ஒரு சொற்றொடரைக் கண்ணால் எடுத்து, தலை நிமிர்ந்து, எதிரே இருப்பவரிடம் சொல்லிவிட்டு, பிறகு கீழே பாருங்கள். கருத்தின் கடைசிச் சொல்லைச் சொல்லும்போது கண் தாளில் இருக்கவே கூடாது. எல்லா அடிக்கும் இப்படி முடியாது; நாலைந்து இடத்தில் நிமிர்ந்தாலே போதும்.

மற்றவர் பேசும்போது உங்கள் அடுத்த வரியைத் தேடாதீர்கள், அவரைப் பாருங்கள். கட்டைவிரல் அங்கேயே இருக்கிறது, வரி எங்கும் ஓடிவிடாது. முடிந்ததும் தாளை மேசையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அடுத்து வருபவருக்கும் அதே தாள்தான்.